ரெண்டு கார்டு இடைவெளி

உங்கள் சைக்கிளின் பின்சக்கரத்துக்கும், அதை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் குழாய்களுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று என்றைக்காவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். ஒருத்தரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். பார்த்தது மட்டுமா, அளந்தேன். அளந்ததை வைத்துக்கொண்டு வீட்டில் எல்லாருக்கும் ஒரு லெக்சர் வேறு கொடுத்தேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் வாயை மூடிக்கொண்டு இருப்பானா?

அக்காவுக்கு வெளிநாட்டில், பெர்த்தில் நர்ஸ் வேலை உறுதியான வாரம் அது. வீடு முழுக்கப் பெட்டியும் டேப்பும். அம்மா புளியைத் தனியாக, மிளகாய்த்தூளைத் தனியாகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். "அங்க அதெல்லாம் உள்ள விடமாட்டாங்கம்மா" என்று அக்கா சொல்லச் சொல்ல, அம்மா இன்னொரு பிளாஸ்டிக் பையை உதறிக்கொண்டிருந்தார். நடுவில் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"டேய், நான் போறதுக்குள்ள ஒரு தடவ என்னை சைக்கிள்ல சாங்கிக்கு கூட்டிட்டுப் போ."

"புக்கிட் பாத்தோக்லேருந்தா? தீவோட அந்தக் கோடிலா அது."

"தெரியும். அதான் கேக்குறேன்."

இந்த ஆசை புதுசு இல்லை. அப்பா சாங்கி விமான நிலையத்தில் கார்கோவில் வேலை செய்கிறார். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய்த் திரும்பும்போது, ஓடுபாதைக்குப் பக்கத்து ரோட்டில் சைக்கிளில் போகிறவர்களை அவள் டாக்சி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பாள். அவர்கள் தலைக்கு மேலேயே விமானம் இறங்கும். "ஒரு நாள் சைக்கிள்ல வந்து, நின்னு, அந்த ப்ளேனோட வயித்தப் பாக்கணும்" என்பாள். ஆனால் வீட்டில் சைக்கிள் என்று ஒன்று வந்தபோது அது எனக்குத்தான் வந்தது. அவளுக்கு அந்த வருஷம் பரீட்சை. அடுத்த வருஷம் வேறு பரீட்சை. அப்புறம் நர்சிங், அப்புறம் ஷிஃப்ட். வளர்ந்து சம்பாதிக்க ஆரம்பித்த பிறகுதான், எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்துக் கார் பார்க்கின் மொட்டை மாடியில், வாடகை சைக்கிளில், நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட ஓட, அவள் சைக்கிள் பழகினாள்.

"விட்டுடாதடா! விட்டியா? விட்டுட்டியா எருமை?"

விட்டு ரொம்ப நேரம் ஆகியிருந்தது. அவள் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அவளுக்கு ஒன்று வேண்டும். வாடகை சைக்கிளில் அவ்வளவு தூரம் போனால் முட்டி கழன்று விடும். நானே ஒன்று கட்டுகிறேன் என்றேன். கீழ் மாடியில் இருந்தவர் வீடு மாறும்போது "வேணும்னா எடுத்துக்க" என்று கொடுத்துவிட்டுப் போன பழைய ஸ்டீல் ஃபிரேம் ஒன்று தாழ்வாரத்தில் தூசி பிடித்துக் கிடந்தது. நீல நிறம். துடைத்தால் பளிச்சென்று வந்தது. உயரமும் அவளுக்குச் சரியாக இருந்தது. சக்கரம்தான் இல்லை.

சக்கரம் வாங்குவது செருப்பு வாங்குவது மாதிரி இல்லை. விட்டம் ஒரு கணக்கு, அச்சு நீளம் ஒரு கணக்கு, பிரேக் கட்டை எட்ட வேண்டும். இதெல்லாம் பொருந்தினாலும் கடைசியில் டயர் எவ்வளவு அகலம் என்ற கேள்வி வரும். பழைய ரோட் சைக்கிள் ஃபிரேம்கள் ஒல்லி டயருக்குப் பிறந்தவை. ஒல்லியாக 25, மிஞ்சிப் போனால் 28 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் பின்னால் இருக்கும் இரண்டு குழாய்களுக்கு நடுவே டயருக்கு மூச்சு முட்டும்.

நான் 28 என்றுதான் முதலில் முடிவு செய்தேன். படத்தைக் காட்டினேன். அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"இவ்ளோ ஒல்லியாவா? வேணாம்டா. சாக்கடை மூடில கம்பி கம்பியா இருக்குமே, அதுக்குள்ள சக்கரம் மாட்டிக்கிச்சுன்னா?"

"மாட்டாது."

"கார் பார்க்லயே எனக்கு பயமா இருந்துச்சு. குண்டு டயரா போடு தம்பி. ப்ளீஸ் லா."

அவள் 'தம்பி' என்று கூப்பிடுவது எதாவது வேண்டும்போது மட்டும்தான். நான் 32 வாங்கினேன். ரிம்மும் அகலமானதாக வாங்கினேன். டயர் நன்றாக உட்கார்ந்து, அவளுக்கு சோபாவில் போகிற மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். சக்கரத்தை மாட்டிக் காற்று அடித்தபோதுதான், டயரின் பக்கவாட்டில் 32 என்று அச்சடித்திருந்தாலும் அகல ரிம்மில் அது இன்னும் உப்பி உட்காரும் என்பது கண்ணில் தெரிந்தது. குழாய்க்கும் டயருக்கும் நடுவே வெளிச்சம் ஒரு கோடு மாதிரி வந்தது.

ஆன்லைனில் சைக்கிள் பைத்தியங்கள் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். பஸ் கார்டு மாதிரி அட்டைகளை அடுக்கி நுழைத்துப் பார், ஒவ்வொரு பக்கமும் ஐந்து போனால் நிம்மதி. நான் என் பஸ் கார்டையும் அக்காவின் பஸ் கார்டையும் சேர்த்து நுழைத்தேன். போயின. அப்பாவின் கார்டையும் சேர்த்தேன். போகவில்லை.

"என்ன, ஆகுமா?" என்றாள் அக்கா, கட்டிலில் துணி மடித்துக்கொண்டே.

"ரெண்டு கார்டு போகுது. தொடலல்ல? தொடலன்னா ஓகேதான்."

"அஞ்சு போகணும்னு படிச்ச?"

"அது மலை, சேறு எல்லாம் இருக்கற ஊருக்கு. நம்ம ஊர் ரோடு கேரம் போர்டு மாதிரி."

ஃபிரேமைத் துணி காயப்போடும் கழியில் தொங்கவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. அப்படியே நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ரொம்பப் பெருமையாக இருந்தது. வீடியோ எடுத்து குடும்ப குரூப்பில் போட்டேன். தொங்குகிற சைக்கிளில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. வேறு ஞாயிறு பாக்கி இல்லை. விடிந்ததும் கீழே இறங்கினோம். அம்மாவும் கூடவே இறங்கினார், கையில் எலுமிச்சம்பழத்தோடு. அம்மா ரைஸ் குக்கருக்கே பொட்டு வைத்த ஆள். சைக்கிளை விடுவாரா? ஹேண்டில்பாரில் சந்தனம், குங்குமம். முன்சக்கரத்துக்குக் கீழே ஒரு பழம், பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு பழம்.

"ஏறி உக்காந்து மெதுவா ஓட்டுடி. நசுங்கணும்."

அக்கா ஏறி மிதித்தாள். முன்பழம் நசுங்கியது. பின்பழமும் நசுங்கியது. ஆனால் அதன் தோல் டயரில் ஒட்டிக்கொண்டு மேலே சுற்றி வந்து, இடது பக்கக் குழாய்க்கும் டயருக்கும் நடுவே சிக்கியது. சக்கரம் நின்றுவிட்டது. அக்கா காலை ஊன்றித் தடுமாறி நின்றாள்.

அம்மாவின் முகம் மாறியது.

"பாத்தியா, பழமே வழிய மறிக்குது. இன்னைக்கு வேணாம்டா."

"அம்மா, அது பழம் இல்ல, வெறும் தோலு. தோலுக்கு என்னம்மா சகுனம் தெரியும்?"

"சிரிக்காத. மொதல் மிதியிலயே நிக்குதுன்னா என்ன அர்த்தம்?"

அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "பழத்துக்கு விசா ரிஜெக்ட் ஆயிடுச்சும்மா. எனக்கு ஆகல" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் வீட்டுச் சாவியை விட்டு நோண்டித் தோலை வெளியே எடுத்தேன். ஒரு சகுனமும் இல்லை, எல்லாம் உராய்வு, இது பிசிக்ஸ் என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். உராய்வு என்ற வார்த்தையை நான்தான் சொன்னேன், என் வாயால். அம்மா முணுமுணுத்துக்கொண்டே விபூதியை எங்கள் நெற்றியில் இழுத்துவிட்டு மேலே போனார். நான் ஜெயித்துவிட்டேன்.

இப்போது நினைத்தால் அந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா தோலைப் பற்றிப் பேசினார். அவரை மடக்க வேண்டும் என்று நானும் தோலைப் பற்றியே பேசினேன். அது மாட்டிய இடத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. அம்மா மட்டும் சகுனம் என்று சொல்லாமல் இருந்திருந்தால், தோல் ஏன் சிக்கியது என்று நான் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்திருப்பேன். சகுனம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு மூளை நின்று வாய் ஓட ஆரம்பித்துவிடும். இன்ஜினியரிங் படித்தவனின் வியாதி அது.

கிளம்பினோம். இப்போது நடைபாதையாகிவிட்ட பழைய ரயில் பாதை வழியாக, மரங்களுக்கு நடுவே, காற்று குளுகுளுவென்று இருந்தது. முதல் கொஞ்ச தூரம் அவள் எனக்குப் பக்கத்திலேயே வந்தாள். அப்புறம் ஒரு சின்ன ஏற்றம். சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தாள். அதற்குப் பிறகு பின்னால் விழ ஆரம்பித்தாள்.

"டேய், ஏதோ சத்தம் வருதுடா. ஸ்ஸ்ஸ்னு."

"புது டயர் அப்படித்தான்கா. பழகிடும்."

புக்கிட் தீமா சாலையில் வந்தபோது அவள் எனக்கு நாலு மரம் பின்னால். நான் நின்று, திரும்பி, கத்தினேன்.

"அக்கா! வாக்கிங் போற ஆன்ட்டி உன்ன ஓவர்டேக் பண்றாங்க!"

"போடா! கால் நகரவே மாட்டேங்குது."

"ட்யூட்டில ஓடுவேன் ஓடுவேன்னு சொல்லுவியே, எல்லாம் பொய்யா?"

சிரித்தாள். அவள் டீ-ஷர்ட் முதுகில் முழுக்க நனைந்திருந்தது. எனக்கு வியர்க்கவே இல்லை.

ஃபேரர் பார்க்கில் தோசைக்கு நிறுத்தினோம். அவள் நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தாள். டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். நான் வெளியே போய் அவள் சைக்கிளின் டயரை விரலால் அழுத்திப் பார்த்தேன். காற்று சரியாக இருந்தது. அத்தோடு திரும்பி வந்துவிட்டேன். பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றியிருந்தால் போதும். தோசை ஆறிவிடும் என்று நினைத்தேன்.

"நான் ஃபிட்டா இருக்கேன்னு நெனச்சேன்டா" என்றாள். "ஒரு ஷிஃப்ட் முழுக்க நிக்கறேன், ஆள தூக்கறேன், திருப்பறேன். இது என்ன, கால்ல கல்ல கட்டின மாதிரி இருக்கு."

"சைக்கிள் மசில் வேற. நடக்கற மசில் வேற. நான் ஜிம்முக்கு வான்னு சொன்னப்ப வந்தியா?"

அந்த மசில் கதையை நான் எங்கே படித்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

காலாங் தாண்டி ஈஸ்ட் கோஸ்ட் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கடலோரம், தரை சமம், காற்றும் பின்னாலிருந்து. குழந்தைகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். அக்கா பேச்சை நிறுத்தியிருந்தாள். நான் கேலியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் சோர்ந்துவிடுவாள் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். உண்மையில் எனக்கு அது பிடித்திருந்தது. படிப்பில், மார்க்கில், வேலையில் எல்லாவற்றிலும் அவள் முன்னால் போவதைப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். ஒரே ஒரு நாள் நான் முன்னால்.

பெடோக் படகுத்துறையில் அவள் பிரேக் போட்டாள். சைக்கிளை மெதுவாகச் சாய்த்து வைத்துவிட்டு, தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். சாங்கிக்கு இறங்கும் விமானம் ஒன்று தூரத்தில், கடலுக்கு மேலே, சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் வயிறு தெரியவில்லை.

"என்னால முடியலடா."

"இன்னும் கொஞ்சம்தான். பாதிக்கு மேல வந்துட்டோம்."

"கொஞ்சம்னு நீ ஃபேரர் பார்க்லேருந்து சொல்ற." தொடையை அழுத்திவிட்டுக்கொண்டாள். "நாளைக்கு பெட்டி கட்டற வேலை, அப்புறம் அப்பாகூட பேங்க். நான் இப்ப விழுந்து கிடந்தா ஒரு வேலையும் நடக்காது. எனக்கு இது ஆகாதுடா. சின்ன வயசுலயே கத்துக்கல. இனிமே வராது."

"அதெல்லாம் இல்ல."

"நீ போ. உனக்கு எனர்ஜி இருக்கு. போயிட்டு ப்ளேன் போட்டோ அனுப்பு."

"நீ?"

"பெரிய டாக்சி ஒண்ணு கூப்பிடறேன், சைக்கிளையும் ஏத்திக்கறேன். போடா, சொல்றேன்ல."

இரண்டு சைக்கிளும் ஒரே டாக்சியில் ஏறியிருக்கும். அல்லது சைக்கிளை மாற்றி ஓட்டலாமே என்று சொல்லியிருக்கலாம். என் சைக்கிள் உயரம்தான், ஆனால் சீட்டை இறக்கினால் அவளுக்கு எட்டும். அதில் அவள் ஏறியிருந்தால் இரண்டே மிதியில் தெரிந்திருக்கும். நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. டாக்சி வந்ததும் சைக்கிளைத் தூக்கி உள்ளே படுக்க வைத்தேன், கதவைச் சாத்தினேன், என் சைக்கிளில் ஏறிப் பறந்தேன். ஓடுபாதை ஓரத்தில் நின்று, தலைக்கு மேலே இறங்கிய விமானத்தின் வயிற்றைப் படம் எடுத்து அனுப்பினேன். 'சியோக்!', அதாவது அட்டகாசம் என்று எழுதி, கீழே ஆமை படம் ஒன்றும் போட்டேன். அவள் ஒரு கட்டைவிரல் அனுப்பினாள்.

அந்த வாரக் கடைசியில் விமான நிலையத்தில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். சித்தி ஒருத்தர், "என்னடி, தம்பிகூட சைக்கிள்ல இங்க வந்தியாமே?" என்று கேட்டார்.

"எங்க சித்தி? பெடோக்லயே மூச்சு போயிடுச்சு. நமக்கெல்லாம் டாக்சிதான் சரி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஆட்டுக்கால் சூப் வச்சுக் குடுங்க சித்தி, கால்ல தெம்பே இல்ல" என்றேன். அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, உள்ளே போனாள்.

சில மாதம் கழித்து, தாழ்வாரத்தில் பொருள் வைக்கக் கூடாது என்று லிஃப்ட் பக்கம் நோட்டீஸ் ஒட்டினார்கள். அக்காவின் சைக்கிளைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கலாம் என்று தலைகீழாகத் திருப்பினேன். பின்சக்கரத்தைச் சுற்றினேன். அரைச் சுற்று வந்து நின்றது.

குனிந்து பார்த்தேன். இடது குழாயின் உள்பக்கம் நீலப் பெயின்ட் இல்லை. என் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெறும் இரும்பு, தேய்த்துத் துலக்கின மாதிரி பளபளவென்று. சுற்றிலும் கருப்பு ரப்பர் தூள். டயரின் அந்தப் பக்கம் முழு வட்டமும் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது. இந்தப் பழைய ஃபிரேம்களில் அச்சு உட்காரும் பள்ளம் நீளமாக, முன்பக்கம் திறந்தபடி இருக்கும். அழுத்தி மிதித்தால் சங்கிலி அச்சின் வலது பக்கத்தை முன்னால் இழுக்கும். சக்கரம் இடது பக்கம் சாயும். ஐந்து கார்டு இடம் இருந்தால் சாய்ந்தாலும் பாதகமில்லை. நான் விட்டது இரண்டு கார்டு. என் பஸ் கார்டை எடுத்து நுழைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் போகவில்லை.

அந்தச் சின்ன ஏற்றத்தில் நின்று மிதித்தாளே, அங்கே பிடித்திருக்க வேண்டும். அங்கிருந்து பெடோக் வரைக்கும், பிரேக்கை அழுத்திப் பிடித்த மாதிரி உரசும் சக்கரத்தோடு அவள் ஓட்டியிருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் ஃபேரர் பார்க்கிலேயே படுத்திருப்பார்கள். நானாக இருந்தால் ரயில் பாதையிலேயே.

அம்மா கதவருகே நின்று பார்த்தார். "என்னடா?"

"டயர் குழாய்ல உரசியிருக்கும்மா. வழி முழுக்க."

"அன்னைக்கே போவேணாம்னு சொன்னேன்" என்றார். நான் குழாயில் ஒட்டியிருந்த ரப்பர் தூளைத் துடைத்தேன்.

அன்றைக்கே அக்காவை வீடியோவில் கூப்பிட்டுக் குழாயைக் காட்டினேன். அவள் யூனிஃபார்மில், எதையோ மென்றுகொண்டு, ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப என் கால் இல்லையா?"

"இல்ல. உன் கால் சூப்பர். நான் போட்ட டயர்தான் தப்பு. நீ குண்டு டயர் கேட்ட, இந்த ஃபிரேம் தாங்காதுன்னு நான்தான் சொல்லியிருக்கணும்."

வாயில் இருந்ததை விழுங்கினாள்.

"இங்க வார்டுல ஒரு கேங் இருக்குடா. லீவு நாள்ல ஆத்தோரமா சைக்கிள்ல போவாங்க. சைக்கிள் தரோம் வான்னு கூப்டாங்க. எனக்கு சைக்கிள் ஆகாது, ட்ரை பண்ணிட்டேன்னு சொல்லிட்டேன். ரெண்டு மூணு தடவ கேட்டாங்க. இப்ப கேக்கறதில்ல."

"நீயே கேளு லா. இப்ப தெரிஞ்சிடுச்சுல்ல."

"பாக்கலாம்."

"அக்கா, சாரி."

"சீ, விடுடா. ஆமை படம் போட்டியே, அதுக்கு மட்டும் சாரி சொல்லு."

சொன்னேன். அவள் சிரித்தாள். இடைவேளை முடிந்துவிட்டது என்று ஃபோனை வைத்துவிட்டாள். அவள் 'பாக்கலாம்' என்று சொன்ன விதம் எனக்குத் தெரியும். அம்மா வரன் பற்றிப் பேசும்போது சொல்வாளே, அந்தப் பாக்கலாம். காலில் தெம்பு இல்லை என்று ஒரு முறை உடம்பு நம்பிவிட்டால், குழாயின் போட்டோவைக் காட்டி அதை மாற்ற முடியாது போல. அவள் இங்கே இருந்தால் கார் பார்க் மாடிக்கு இழுத்துக்கொண்டு போய் இன்னொரு முறை சீட்டைப் பிடித்து ஓடுவேன்.

ஃபிரேமைத் தூக்கிப் போடவில்லை. தேய்ந்த இடத்தில் துருப்பிடிக்காமல் பெயின்ட் அடித்தேன். நீலம் சரியாகப் பொருந்தவில்லை, திட்டாகத் தெரிகிறது. ரிம்மை மாற்றி, 28 டயர் போட்டு, அச்சு நகராமல் இருக்கப் புது நட்டு இறுக்கினேன். காற்று அடித்து, இந்த முறை கழியில் தொங்கவிடாமல், ஏறி உட்கார்ந்து, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அழுத்தி மிதித்தேன். அம்மா கீழே குனிந்து கார்டுகளை நுழைத்துப் பார்த்தார்.

"நாலு போவுதுடா. அஞ்சாவது இடிக்குது."

"நாலு போதும்மா."

"போதுமா? அன்னைக்கும் இப்படித்தான் சொன்ன."

இறங்கி நானே ஒரு முறை நுழைத்துப் பார்த்தேன். போதும்தான்.

அக்காவுக்கு இன்று காலை ஷிஃப்ட். பஸ்ஸில்தான் போயிருக்கிறாள். அந்த சைக்கிள் கேங்கிடம் இன்னும் கேட்கவில்லை.